நொட்டாங்கை

எங்கள் பேட்டையின் பெயர் சூப்புப்பேட்டை.
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு, முலாம்பழத் தெரு.
நான் பட்டாணித் தெரு.
தார்த்து நகரத்தில் இதற்கெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.

காலையில் அடுப்புக்கு ஏழு பிர்ச் கட்டைகள்.
எட்டாவதை வைத்தால் மார்ச்சுக்கு விறகு இருக்காது.
ஓடு பதித்த அந்தச் சுவர் சூடேற இரண்டு மணி நேரம்,
அதுவரை
விரல்நுனி வெட்டிய கையுறையோடுதான் வேலை.

ஓட்ஸ் பால் டப்பாவின் முதுகுக்கு முப்பது சொற்கள்
(மென்மை இரண்டு முறை வரவேண்டுமாம்).
பல் மருத்துவர் ஒருவருக்குச் சந்தோஷமான கடைவாய்ப்பல்.
அப்புறம் முள்ளெலி.

முள்ளெலி நான்காம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது.
பதிப்பகத்து ஐலி எழுதுகிறாள்:
அழகுதான், ஆனால் எதையோ யோசிப்பதுபோல் இருக்கிறது,
நான்கு வயதுக்காரர்களுக்கு
யோசிக்கும் முள்ளெலி வேண்டாமே.
புருவத்தை அழித்தேன்.
முள்ளெலிக்குப் புருவம் கிடையாது என்பது
எனக்கும் தெரியும்.

போன புத்தகத்துக்குப் பில் அனுப்பி நாற்பத்தாறு நாள்.
இருபத்தொரு நாளில் செலுத்தவும் என்றிருந்தது அதில்.
எழுதியதும் நானே
நம்பியதும் நானே.

இத்தனையும் சோற்றுக்கையின் பாடு.
கறுப்பு ரொட்டி, வாடகை, மை, பூனையின் காது மருந்து
எல்லாம் அது கொண்டுவருவது.
மாலை ஆறானதும் அதைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிறகு நொட்டாங்கை வரையும்.
அதற்குப் பயிற்சி இல்லை, பட்டம் இல்லை,
திருத்தம் என்றால் என்னவென்று தெரியாது.
ஒரு கோட்டை இழுக்கச் சொன்னால்
குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி
வேலியைத் தொட்டு, நின்று, யோசித்துப் போகும்.
ஊர்மாஸின் விறகுக் கொட்டகை,
இருக்கைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிய சைக்கிள்,
ஆற்றில் பனிக்கட்டி உடைந்த அன்று
கரையில் நின்ற பதினொரு பேரின் முதுகு.
பழைய மின்கட்டண உறைகளின் பின்புறத்தில்தான் எல்லாம்.
பாதி முதுகுகள் ஆள்போலவே இல்லை,
அதனாலேயே
யார் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு பிசகு.
முள்ளெலியின் ஐந்தாம் வடிவத்தோடு
அந்த முதுகுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.
மூன்று நிமிடத்தில் ஐலியின் பதில்.
பில்லுக்கு ஒருநாளும் மூன்று நிமிடத்தில் பதில் வந்ததில்லை.
இது யார் வரைந்தது? முழுப் புத்தகமாகச் செய்யலாமா?

வேண்டாம் என்பதற்காகவே
இரண்டு மடங்கு கூலி கேட்டேன்.
சரி என்றாள்.

பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது.
அடுப்பில் எட்டாவது கட்டை வைத்தேன்,
ஒன்பதாவதும்.
வறுத்த ஹெர்ரிங் வாங்கிப் பூனைக்குப் பாதி கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கவனித்தேன்:
கோட்டை இழுப்பதற்கு முன்
நொட்டாங்கை ஒரு கணம் தயங்குகிறது.
கொட்டகைக் கதவை இரண்டாம் முறை வரைந்து பார்க்கிறது.
நேற்று, நான் கேட்காமலே,
நேர்கோடு ஒன்று போட்டது.

எனவே இப்போது
இரண்டு கையையும் அடுப்பின் சூட்டில் ஒட்டிவைத்துவிட்டு
விசிலடிக்கக் கற்றுக்கொள்கிறேன்.
வயது நாற்பத்து மூன்று, முன்பல்லில் சந்து,
பெரும்பாலும் காற்றுதான் வருகிறது.
பூனை வேறு அறைக்குப் போய்விட்டது.
இதுவரை யாரும் விலை கேட்கவில்லை.

மேலேயிருந்து ஊர்மாஸ் ஒருமுறை
தரையைத் தட்டினார்.
நிறுத்தச் சொன்னாரா
திரும்பவும் என்றாரா, தெரியவில்லை.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு
மறுபடி உதட்டைக் குவித்தேன்.